கற்காரைக் கட்டடங்களை வலுவூட்டும் கலப்புப்பொருள்களின் தீத்தாங்குதிறன்: ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

கான்கிரீட் எனப் பெருவழக்கிலும் கற்காரை எனத் தமிழ்ப் பொறியியல் நூல்களிலும் வழங்கும் கட்டுமானப்பொருள், தீயைத் தாங்கும் என்ற நம்பிக்கையினால் நகரங்களில் இடம்பெற்றது. வலுக்குன்றிய கற்காரைக் கட்டடங்களைச் சீர்செய்ய, கார்பன் இழையும் கண்ணாடி இழையும் பிசினில் பதிந்த கலப்புப்பொருள்களை வெளிப்புறத்தில் ஒட்டும் முறை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. ஒட்டுவதற்குப் பயன்படும் எப்பாக்சி பசை, கொதிநீரின் வெப்பத்துக்கும் குறைந்த வெப்பநிலையிலேயே இளகத் தொடங்குகிறது. இம்முரண்பாட்டை ஆய்வாளர்களும் நெறிமுறை வகுத்தோரும் எதிர்கொண்ட விதத்தை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது. பசையைத் தீயிலிருந்து காப்பதில் தொடங்கிய தேடல், கலப்புப்பொருள் முற்றிலும் அழிந்தாலும் பழைய கட்டடம் நிற்குமா என்ற வினாவில் வந்து நிலைபெற்றது என்பதும், அவ்வினாவே இத்தொழில்நுட்பத்தின் எல்லையை வரையறுக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: வலுவூட்டிய கற்காரை, கலப்புப்பொருள், கார்பன் இழை, எப்பாக்சி பசை, தீத்தாங்குதிறன், மறுவலுவூட்டல், நிலநடுக்கம்.

முன்னுரை

ஒரு கட்டடம் தான் கட்டப்பட்ட நோக்கத்துடனேயே இறுதிவரை இருப்பதில்லை. குடியிருப்பு அலுவலகமாகிறது, அலுவலகம் நூலகமாகிறது, மின்தூக்கிக்காகத் தளத்தில் திறப்பு வெட்டப்படுகிறது. கம்பிகள் துருப்பிடிக்கின்றன. நிலநடுக்கம் பற்றிய அறிவு வளரும்போது, முன்பு போதுமெனக் கருதப்பட்ட தூண்கள் போதாதவையாகின்றன. இத்தகைய கட்டடங்களை இடிக்காமல் வலுப்படுத்துவதே மறுவலுவூட்டல் எனப்படும்.

மறுவலுவூட்டலில் கலப்புப்பொருள்கள் பெற்ற வெற்றிக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. அவை எடை குறைந்தவை, துருப்பிடிக்காதவை, சில மில்லிமீட்டர் கனத்திலேயே பெருவலிமை தருபவை. ஆயினும் கட்டடம் என்பது மனிதர் உறங்கும் இடம். தீப்பற்றக்கூடிய பொருள்கள் நிறைந்த இடம். தீ எழும்போது இக்கலப்புப்பொருளுக்கு என்ன நேரும் என்ற வினா, தொழில்நுட்பம் தோன்றியபோதே முழுமையாக எழுப்பப்படவில்லை. அவ்வினா எப்போது, எக்காரணத்தால் எழுந்தது, அதற்கு எவ்வகை விடை ஏற்கப்பட்டது என்பவற்றை அறிய, கற்காரைக்கும் தீக்கும் இடையிலான பழைய உறவிலிருந்து தொடங்க வேண்டும்.

கற்காரையின் தோற்றத்தில் தீயின் இடம்

இரும்பையும் கற்காரையையும் இணைக்கும் முயற்சிகளுள் பிரான்சைச் சேர்ந்த ஜோசப் மோனியே 1867இல் பெற்ற காப்புரிமை பரவலாக அறியப்பட்டது. அவர் நோக்கம் தோட்டத் தொட்டிகள் செய்வது. கட்டடத்தையும் தீயையும் மனத்திற்கொண்டு இவ்விணைப்பை ஆராய்ந்தவர் அமெரிக்கரான தாடியஸ் ஹயாட். அவர் இலண்டனில் டேவிட் கிர்கால்டியின் சோதனைக்கூட உதவியுடன் உத்தரங்களைச் சோதித்து, 1877இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். உலோகச் சிக்கனமும் தீயிலிருந்து பாதுகாப்பும் அந்நூலின் தலைப்பிலேயே இடம்பெற்றன. வெப்பத்தில் இரும்பும் கற்காரையும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவடைகின்றன என்பதால் அவை தீயிலும் பிரிவதில்லை என்று அவர் கண்டது பிற்காலக் கட்டுமானத்துக்கு அடிப்படையாயிற்று.

கோட்பாட்டைப் பொதுமக்களும் காப்பீட்டு நிறுவனங்களும் நம்புவதற்கு உண்மைத் தீ விபத்துகள் காரணமாயின. நியூஜெர்சி மாநிலத்தின் பயோன் நகரில் எர்னஸ்ட் ரான்சம் அமைத்த பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையில் 1902இல் பெருந்தீ எழுந்தது. உள்ளிருந்த பொருள்கள் எரிந்தழிந்தும் கற்காரைக் கட்டமைப்பு நின்றது. 1904இல் பால்ட்டிமோர் நகரத்திலும் 1906இல் சான்பிரான்சிஸ்கோவிலும் நேர்ந்த பெருந்தீக்களுக்குப்பின் தீத்தாங்கும் கட்டுமானம் பற்றிய அக்கறை பெருகியது. சான்பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கத்தைவிட அதைத் தொடர்ந்த தீயே பெரும்பகுதி அழிவை விளைத்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இந்த அக்கறையின் விளைவாகத் தரப்படுத்தப்பட்ட உலைச் சோதனை உருவாயிற்று. அமெரிக்கப் பொருட்சோதனைக் கழகம் 1918இல் ஏற்றுக்கொண்ட முறை, பின்னர் ஏ.எஸ்.டி.எம். இ119 என்ற பெயரால் அறியப்பட்டது. இதன்படி உலையின் வெப்பநிலை 5 நிமிடத்தில் 538 பாகை செல்சியசையும், 1 மணி நேரத்தில் 927 பாகையையும் எட்ட வேண்டும். பின்வந்த பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 834 வளைகோட்டில் 1 மணி நேர வெப்பநிலை 945 பாகையாகும். ஒரு தூணுக்கோ உத்தரத்துக்கோ இத்தனை மணி நேரத் தீத்தாங்குதிறன் உண்டு என்று கூறுவது இவ்வளைகோடுகளைச் சார்ந்தே.

மேலுறையின் பணி

கற்காரை உத்தரம் இந்த உலையில் மணிக்கணக்கில் தாங்குவதற்குக் காரணம் கம்பியின் இடமாகும். எஃகு ஏறத்தாழ 550 முதல் 600 பாகை வெப்பத்தில் தன் வலிமையில் பாதியை இழக்கிறது. தீ கற்காரையின் வெளிப்பரப்பைச் சுட்டாலும், கற்காரை வெப்பத்தை மெல்லவே கடத்துகிறது. கம்பிக்கு வெளியே விடப்படும் கற்காரைக் கனம் கம்பியைச் சூடேறாமல் காக்கிறது. கட்டுமானக் களத்தில் ‘கவர்’ எனப்படும் இதை இக்கட்டுரை மேலுறை எனக் குறிக்கிறது. துருவிலிருந்து கம்பியைக் காப்பதும் இந்த மேலுறையே. ஆகவே தீத்தாங்குதிறன் அட்டவணைகளில் உறுப்பின் அகலமும் மேலுறையின் கனமும் தலைமையான அளவுகளாயின.

சுருங்கக் கூறின், வலிமை தரும் பொருளை உள்ளே வைத்து, வெப்பம் தாங்கும் பொருளை வெளியே வைத்ததே வலுவூட்டிய கற்காரையின் தீப்பாதுகாப்புக் கொள்கை. பின்வந்த மறுவலுவூட்டல் முறை, இவ்வரிசையை மாற்றிப் புதிய வலிமையை மேலுறைக்கு வெளியே கொண்டுவந்தது.

பாலங்களிலிருந்து கட்டடங்களுக்கு

வெளிப்புற ஒட்டுமுறை முதலில் எஃகுத் தகடுகளைக் கொண்டே தொடங்கியது. 1960களின் பிற்பகுதியில் பிரான்சிலும் தென்னாப்பிரிக்காவிலும் எப்பாக்சி பசையால் எஃகுத் தகடுகளை உத்தரத்தின் அடியில் ஒட்டும் சோதனைகள் நிகழ்ந்தன. பிரான்சில் லெர்மித், பிரெசோன் ஆகியோர் 1967இல் இத்தகைய உத்தரங்கள் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். இங்கிலாந்தில் எம்5 நெடுஞ்சாலையின் குவின்டன் பாலங்கள் 1970களின் நடுப்பகுதியில் இம்முறையால் வலுப்படுத்தப்பட்டன. எஃகுத் தகடு கனமானது. ஒட்டும் வரை தாங்கிப் பிடிக்கச் சாரம் வேண்டும். பசைக்கும் எஃகுக்கும் இடையே துருவேறும் அச்சமும் இருந்தது.

இக்குறைகளுக்கு மாற்று, வானூர்தித் துறைக்காக வளர்ந்த ஒரு பொருளில் இருந்தது. 1958இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன், சற்றே பின்னர் ஜப்பானில் அகியோ ஷிண்டோ, 1960களில் இங்கிலாந்தின் பார்ன்பரோவிலிருந்த அரச வானூர்தி ஆய்வு நிறுவனத்தார் ஆகியோரின் உழைப்பால் உயர்வலிமைக் கார்பன் இழை உருவானது. ஜப்பானின் டோரே நிறுவனம் 1971 முதல் அதை வணிக அளவில் உற்பத்தி செய்தது. சுவிட்சர்லாந்தின் டூபென்டார்பிலுள்ள எம்ப்பா ஆய்வு நிறுவனத்தில் ஊர்ஸ் மையர் 1980களில் எஃகுத் தகடுகளுக்கு மாற்றாகக் கார்பன் இழைப் பட்டைகளை ஒட்டி ஆராய்ந்தார்.

அவ்வாய்வின் முதல் பெரும் பயன்பாடு 1991இல் லூசெர்ன் நகரருகே இபாக் பாலத்தில் நிகழ்ந்தது. போக்குவரத்துச் சைகை விளக்குகளைப் பொருத்தத் துளையிட்டபோது, பாலத்தின் முன்தகைவுக் கம்பிகள் சேதமுற்றன. அதைச் சீர்செய்ய 175 கிலோகிராம் எஃகு தேவைப்பட்டிருக்கும், 6.2 கிலோகிராம் கலப்புப்பொருள் அப்பணியைச் செய்தது. இவ்விரு எண்களும் பொறியாளரிடையே அம்முறையின் சிறப்பை விளக்கும் சான்றாக மீண்டும் மீண்டும் காட்டப்பட்டன.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. தகடு ஒட்டும் முறையும் பட்டை ஒட்டும் முறையும் பெயர்பெற்ற இடம் பாலமாகும். பாலம் திறந்தவெளியில் நிற்பது. அதன் அடியில் தட்டுமுட்டுப் பொருள்களோ உறங்கும் மனிதரோ இல்லை. பாலப் பொறியாளர் முதன்மையாகக் கவலையுற்றவை சோர்வு, ஈரம், உறைபனி ஆகியவையே. மூடிய அறைகளைக் கொண்ட கட்டடத்துக்கு அம்முறை பெயர்ந்தபோதுதான் தீ என்ற வினா தவிர்க்க இயலாததாயிற்று.

நிலநடுக்கங்களும் தூண் உறைகளும்

கலப்புப்பொருள்கள் பெருவாரியாகப் பரவியதற்கு நிலநடுக்கங்கள் மற்றொரு காரணமாயின. 1989இல் கலிபோர்னியாவின் லோமா பிரியேட்டா, 1994 ஜனவரி 17இல் நார்த்ரிட்ஜ், சரியாக ஓராண்டு கழித்து 1995 ஜனவரி 17இல் ஜப்பானின் கோபே ஆகிய நிலநடுக்கங்கள், போதிய குறுக்குக் கம்பிகள் இல்லாத பழைய தூண்களின் பலவீனத்தை வெளிப்படுத்தின. பிசினில் நனைத்த இழைத்துணியைத் தூணைச் சுற்றி இறுக்கினால், தூணின் கற்காரை சிதறாமல் பிடிக்கப்படுகிறது. சான்டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நைஜல் பிரீஸ்ட்லி, பிரீடர் சைபிள் ஆகியோர் இவ்வகை உறைகளைப் பெருமாதிரிகளில் சோதித்தனர். ஜப்பானில் 1980களிலேயே புகைபோக்கிகளில் தொடங்கிய இழை உறை முறை, கோபே அழிவுக்குப்பின் தூண்களில் வேகமாகப் பரவியது.

கோபே நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 7,000 கட்டடங்கள் தீக்கிரையாயின. 1923இல் தோக்கியோ, யோக்கோகாமா பகுதியைத் தாக்கிய கான்டோ நிலநடுக்கத்தில் இறந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் தீயினால் மாண்டவர்கள். நிலநடுக்கத்தைத் தொடர்ந்து தீ எழும் என்பதற்கு வரலாறு தரும் சான்றுகள் இவை. எந்த நிலநடுக்கத்துக்காகத் தூணுக்கு உறை இடப்பட்டதோ, அதே நிலநடுக்கம் அந்த உறையை அழிக்கக்கூடிய தீயையும் உடன்கொண்டு வரலாம்.

எனினும் இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். நிலநடுக்கத்துக்காக மட்டும் இடப்பட்ட உறை, நாள்தோறும் கட்டடத்தின் எடையைத் தாங்குவதில்லை. அமைதியான ஒருநாளில் தீப்பற்றி அவ்வுறை எரிந்தாலும், தூண் தன் பழைய வலிமையால் எடையைத் தாங்கும். கூடுதல் எடையைத் தாங்குவதற்காக உத்தரத்தில் ஒட்டப்பட்ட பட்டையோ ஒவ்வொரு நாளும் தேவைப்படுவது. ஒரே பொருளாயினும், அது அழிந்தால் விளையும் ஆபத்து அதன் பணிக்கேற்ப மாறுகிறது. பிற்கால நெறிமுறைகளின் தர்க்கம் இவ்வேறுபாட்டில் வேரூன்றியுள்ளது.

பசையின் வெப்ப எல்லை

கலப்புப்பொருளில் மூன்று கூறுகள் உள்ளன: இழை, இழையைப் பிணைக்கும் பிசின், கற்காரையுடன் ஒட்டும் பசை. இம்மூன்றும் வெப்பத்தை ஒரேவிதமாக ஏற்பதில்லை. கார்பன் இழை, உயிர்வளி இல்லாச் சூழலில் 1,000 பாகைக்கு மேலும் தன் வலிமையைக் காக்கவல்லது. கண்ணாடி இழை அதைவிடக் குறைந்த வெப்பத்தில் தளர்ந்தாலும் பிசினைவிட நெடிது தாங்குகிறது. பிசினும் பசையுமே இவ்வமைப்பின் மெலிந்த கண்ணிகள்.

எப்பாக்சி போன்ற பாலிமர்கள் எரியும் முன்பே இளகுகின்றன. விறைப்பான நிலையிலிருந்து இரப்பர் போன்ற நிலைக்கு அவை மாறும் வெப்பநிலை, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை எனப்படும். கட்டுமானக் களத்தில் அறை வெப்பத்தில் இறுகும் பசைகளுக்கு இது பொதுவாக 60 முதல் 82 பாகை வரை என அமெரிக்கக் கற்காரை நிறுவனத்தின் வழிகாட்டி குறிக்கிறது. அவ்வெப்பத்தைக் கடந்தபின் இழை அறுபடாமல் இருந்தாலும், கற்காரையிலிருந்து இழைக்கு விசை சென்று சேர்வதில்லை. 300 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் பிசின் சிதைந்து, எரிந்து, புகையும் நச்சுவளிகளும் வெளிப்படுகின்றன.

இவ்வெண்ணைத் தரச் சோதனையின் எண்களோடு ஒப்பிட்டால் சிக்கலின் அளவு புலனாகும். சோதனை உலை 5 நிமிடத்தில் 500 பாகையைத் தாண்டிவிடுகிறது. அதுமட்டுமன்று. தீப்படாத மறுபுறத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 140 பாகை உயரும் வரை, ஒரு தளம் வெப்பத்தைத் தடுக்கிறது என்றே அச்சோதனை முறை கொள்கிறது. அதாவது, தீப்பற்றிய அறைக்கு மேலுள்ள தளத்தின் மேற்பரப்பில் ஒட்டப்பட்ட பட்டை, தீயைக் காணாமலேயே தன் பிடிப்பை இழக்கலாம். அந்நிலையிலும் தளம் வெப்பத்தடைச் சோதனையில் தேறியதாகக் கருதப்படும். எஃகையும் கற்காரையையும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட அளவுகோல், பசைக்குப் பொருந்தவில்லை.

உலைச் சோதனைகள்

வலுவூட்டப்பட்ட உத்தரங்களைச் சுமையுடன் உலையிலிட்டுச் சோதித்த தொடக்க முயற்சிகளுள் எம்ப்பா நிறுவனத்தில் டாய்ரிங் 1994இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. வலுவூட்டப்படாத உத்தரம், எஃகுத் தகடு ஒட்டிய உத்தரம், கார்பன் பட்டை ஒட்டிய உத்தரங்கள் ஆகியவை அதில் ஒப்பிடப்பட்டன. வெப்பக்காப்பு இல்லாத பட்டைகள் விரைவில் பிடிப்பிழந்தன. வெப்பக்காப்புப் பலகைகள் அந்நேரத்தை நீட்டித்தன. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் பிளான்ட்ராக், டெயர்வே ஆகியோர் 2000ஆம் ஆண்டையொட்டி நிகழ்த்திய சோதனைகளும் இம்முடிவை உறுதிசெய்தன.

இதே காலத்தில் கனடாவில், ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆய்வு மன்றமும் கிங்ஸ்டனிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து விரிவான ஆய்வை மேற்கொண்டன. கோடுர், கிரீன், பிஸ்பி ஆகியோர் இழையுறை இடப்பட்ட முழு அளவுத் தூண்களையும் பின்னர் உத்தரங்களையும் வெப்பக்காப்புப் பூச்சுடன் ஏ.எஸ்.டி.எம். இ119 முறைப்படி சோதித்தனர். உறையின் வெப்பநிலை, சோதனை முடிவதற்கு நெடுநேரம் முன்பே கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைத் தாண்டியது. ஆயினும் அவ்வுறுப்புகள் 4 மணி நேரத்துக்கும் மேலாகத் தம் சுமையைத் தாங்கி நின்றன.

இச்சோதனைகள் கண்ட உண்மை ஆய்வுப்போக்கையே மாற்றியது. வெப்பக்காப்புப் பூச்சினால் பசையை 4 மணி நேரம் காப்பது நடைமுறையில் இயலாது. ஆனால் அதே பூச்சு, உள்ளிருக்கும் பழைய கம்பியையும் கற்காரையையும் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. பூச்சின் உண்மையான பயன், புதிதாக ஒட்டியதைக் காப்பதைவிட, பழைய உறுப்பின் வலிமை குன்றாமல் காப்பதேயாகும். 19ஆம் நூற்றாண்டில் மேலுறை ஆற்றிய பணியை, 21ஆம் நூற்றாண்டில் வெப்பக்காப்புப் பூச்சு மேலும் ஓர் அடுக்காக நின்று ஆற்றியது எனலாம்.

நெறிமுறை தந்த விடை

அமெரிக்கக் கற்காரை நிறுவனம் 2002இல் ஏ.சி.ஐ. 440.2ஆர் என்னும் வழிகாட்டியை வெளியிட்டு, 2008இலும் 2017இலும் திருத்தியது. ஐரோப்பாவில் பன்னாட்டுக் கற்காரைக் கூட்டமைப்பு 2001இல் தன் 14ஆம் அறிக்கையை வெளியிட்டது. அமெரிக்க வழிகாட்டியின் அணுகுமுறை வரலாற்று நோக்கில் குறிப்பிடத்தக்கது. தீயில் கலப்புப்பொருள் தன் பணியைத் தொடரும் எனத் தனியே மெய்ப்பித்தாலன்றி, அதன் பங்கு முழுவதையும் கழித்துவிட்டே தீத்தாங்குதிறனைக் கணக்கிட வேண்டும் என்று அது கூறியது.

இதற்கு இரு வரம்புகள் விதிக்கப்பட்டன. முதலாவது, தீயோ விபத்தோ வேண்டுமென்றே செய்த சேதமோ எதனால் கலப்புப்பொருள் அழிந்தாலும் கட்டடம் உடனே இடியக்கூடாது என்பது. 2008 பதிப்பின்படி, வலுவூட்டப்படாத பழைய உறுப்பின் வடிவமைப்பு வலிமை, புதிய நிலைச்சுமையின் 1.1 மடங்கையும் புதிய மாறுசுமையின் 0.75 மடங்கையும் சேர்த்துத் தாங்க வேண்டும். இரண்டாவது, தீயில் குன்றிய நிலையிலும் பழைய உறுப்பின் வலிமை, பெருக்குக் காரணிகள் இல்லாத நிலைச்சுமை, மாறுசுமை ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குக் குறையக்கூடாது என்பது.

இவ்விரண்டின் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஓர் உத்தரத்தின் மீதுள்ள புதிய நிலைச்சுமை 100 அலகு, மாறுசுமை 100 அலகு எனக் கொள்வோம். வழக்கமான வடிவமைப்புக் காரணிகளான 1.2, 1.6 ஆகியவற்றால் பெருக்கினால் தேவைப்படும் வலிமை 280. முதல் வரம்பின்படி பழைய உத்தரம் 185 தாங்கினால் போதும். ஆகவே கலப்புப்பொருளால் வலிமையை 51 விழுக்காடு வரை உயர்த்தலாம் என்று தோன்றும். இரண்டாம் வரம்பு இத்தோற்றத்தைத் திருத்துகிறது. வளைவு வலிமைக்குரிய 0.9 என்னும் குறைப்புக் காரணியை நீக்கினால் பழைய உத்தரத்தின் உண்மை வலிமை ஏறத்தாழ 205.6. தீயின்போது தேவைப்படுவது 200. ஆகவே தீயில் அவ்வுத்தரம் இழக்கத்தக்க வலிமை 3 விழுக்காட்டுக்கும் குறைவு. பழைய கம்பி சற்றும் சூடேறாதபடி காத்தாலன்றி, 51 விழுக்காட்டு உயர்வு ஏட்டளவிலேயே நிற்கும்.

இக்கணக்கு காட்டும் செய்தி தெளிவானது. கலப்புப்பொருளால் எவ்வளவு வலிமையைக் கூட்ட முடியும் என்பதை அதன் இழைவலிமை முடிவுசெய்வதில்லை. பழைய கட்டடத்தில் எஞ்சியிருக்கும் வலிமையே முடிவுசெய்கிறது. மிகவும் நலிந்த, தன் எடையையே தாங்க இயலாத கட்டடத்துக்கு, அதாவது உதவி மிகுதியும் தேவைப்படும் கட்டடத்துக்கு, இம்முறை மட்டுமே தீர்வாகாது.

மாற்று வழிகள்

இவ்வெல்லையை விரிவாக்க ஆய்வாளர் வேறு வழிகளையும் நாடினர். முதலாவது, காப்பை எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இடாமல் பட்டையின் இரு முனைகளிலும் தடிமனாக இடுதல். லிஸ்பனைச் சேர்ந்த பிர்மோ, கொரெய்யா முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நடுப்பகுதியில் பசை இளகினாலும் முனைகள் பிடிப்புடன் இருக்கும் வரை பட்டை ஒரு வடம்போல் இழுவிசையைத் தாங்குவது காட்டப்பட்டது. இரண்டாவது, மேலுறையில் காடி வெட்டிப் பட்டையை உட்பதித்தல். இது வலிமை தரும் பொருளை மீண்டும் மேலுறைக்குள் கொண்டுசெல்லும் முயற்சி. எனினும் மேலுறை மெல்லியதாயின் இதன் பயனும் குறுகியதே.

மூன்றாவது வழி, பிசினையே விலக்கிச் சிமெண்டுச் சாந்தில் இழைவலையைப் பதித்தல். கிரேக்கத்தின் பாத்ரஸ் பல்கலைக்கழகத்தில் திரியாண்டபிலூ முதலியோர் இம்முறையை வளர்த்தனர். அமெரிக்கக் கற்காரை நிறுவனம் 2013இல் இதற்கென ஏ.சி.ஐ. 549.4ஆர் என்னும் தனி வழிகாட்டியை வெளியிட்டது. சிமெண்டுச் சாந்து தீப்பற்றுவதில்லை. கண்ணாடி நிலைமாற்றச் சிக்கலும் அதற்கு இல்லை. ஆயினும் சாந்து இழைகளுக்கிடையே பிசினைப்போல் ஊடுருவாததால், இழையின் முழு வலிமையையும் பயன்கொள்ளல் அரிதாகிறது. வெப்பத்தில் பெறும் பயனுக்கு ஈடாக வலிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது.

எஞ்சும் சிக்கல்

நெறிமுறைகள் கணக்கின் அளவில் விடை தந்துவிட்டன. கட்டடத்தின் நெடிய வாழ்நாளில் எழும் சிக்கல் வேறுவகையானது. எஃகுக் கம்பி கற்காரைக்குள் இருப்பதால் அதை எவரும் தவறுதலாக அகற்றுவதில்லை. கலப்புப்பொருளும் அதன்மேல் இட்ட வெப்பக்காப்புப் பூச்சும் வெளிப்பரப்பில் இருப்பவை. பூச்சு, பார்ப்பவர் கண்ணுக்குச் சாதாரணச் சுவர்ப்பூச்சாகவே தோன்றும். மின்குழாய் பதிக்கவோ, பொய்க்கூரை தொங்கவிடவோ, நீர்க்கசிவைச் சீர்செய்யவோ பின்வரும் தொழிலாளர் அதைச் செதுக்கினால், வடிவமைப்பாளர் நம்பியிருந்த காப்பு எவருக்கும் தெரியாமல் அழிகிறது. இபாக் பாலத்தின் சேதமே உள்ளிருப்பதை அறியாமல் இட்ட துளையால் நேர்ந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

வெப்பமண்டல நாடுகளில் மற்றொரு கவனமும் தேவை. வறண்ட சூழலில் கலப்புப்பொருளின் பயன்பாட்டு வெப்பநிலை, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைவிட 15 பாகையேனும் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது 2008 வழிகாட்டியின் பரிந்துரை. பசையின் எல்லை 60 பாகையாயின், அனுமதிக்கத்தக்க வெப்பம் 45 பாகையே. கோடை வெயிலில் காயும் மொட்டைமாடிப் பரப்பு இதை எளிதில் தாண்டும். அத்தகைய இடங்களில் பசையைத் தெரிவுசெய்வது தீ எழும் முன்பே கருதவேண்டிய பாதுகாப்பு வினாவாகிறது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றிலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. வலுவூட்டிய கற்காரை தீத்தாங்கும் பொருளென ஏற்கப்பட்டதற்கு, எஃகு மேலுறைக்குள் அமைந்ததே அடிப்படை. வெளிப்புறமாக ஒட்டப்படும் கலப்புப்பொருள் இவ்வமைப்பொழுங்கை மாற்றியது.

2. இம்முறை பாலங்களில் பெயர்பெற்றமையால், தீ பற்றிய வினா தொடக்கத்தில் பின்னிடத்திலேயே இருந்தது. கட்டடங்களுக்கு இம்முறை பெயர்ந்ததும், 1995க்குப்பின் அது வேகமாகப் பரவியதும் அவ்வினாவை முன்னிலைக்குக் கொணர்ந்தன.

3. உலைச் சோதனைகள், பசையை நெடுநேரம் காத்தல் அரிது என்பதையும், வெப்பக்காப்பினால் பழைய உறுப்பைக் காத்தல் இயலும் என்பதையும் நிறுவின. ‘கலப்புப்பொருள் இல்லாமலும் கட்டடம் நிற்குமா?’ என்னும் வினாவே 2002 முதலான அமெரிக்க வழிகாட்டியின் மையமாயிற்று.

4. அவ்வினாவுக்கு உடன்பாட்டு விடை கிடைக்காத கட்டடங்களில், தூண்களையும் உத்தரங்களையும் கற்காரையாலோ எஃகாலோ பெரிதாக்குதல், சுமையைக் குறைத்தல் போன்ற பழைய முறைகளே உரியன.

5. வெளிப்பரப்பில் அமையும் காப்பு, பின்னாளில் அறியாமையால் அகற்றப்படக்கூடியது. எங்கு, எதற்காக, எவ்வளவு கனத்தில் காப்பு இடப்பட்டது என்ற பதிவைக் கட்டடத்தோடு நிலையாகப் பேணுதல் தீப்பாதுகாப்பின் பகுதியாகக் கருதப்பட வேண்டும்.

இபாக் பாலத்தின் 6.2 கிலோகிராம் என்ற எண், புதிய பொருளின் ஆற்றலைக் காட்டியது. ஒரு கட்டடத்தில் அதே பொருளை நம்பலாமா என்பதற்கு, அப்பொருளைக் கழித்தபின் எஞ்சும் எண்ணே சான்றாகும். வலுவூட்டப்பட்ட தளத்தின் கீழும் மேலும் வாழ்வோரின் உயிர், தீ எழும் நாளில் அவ்வெண்ணையே சார்ந்திருக்கிறது.